பேரீச்சை மரத்தடியில் குடிக்காமல் வைத்த தண்ணீர்

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று காலை பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். பட்டாணிப் பைக்குப் பின்னால் அந்தத் தயிர் டப்பா இருந்தது. மூடியைச் சுற்றிப் பனி பூத்துக் கிடந்தது. உள்ளே இருப்பது தயிர் இல்லை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குக் கிளம்புமுன் நீங்கள் துருவி வைத்துவிட்டுப் போன தேங்காய் அது. அதில் கடைசி டப்பா. மூடியை லேசாகத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். முதலில் பனி வாடைதான் வந்தது. என் விரல் சூட்டில் ஓரம் கொஞ்சம் இளகியதும் பச்சைத் தேங்காய் வாசம் வந்தது. அப்படியே மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதைத் தொடக் கூடாது என்பது உங்கள் மகளின் உத்தரவு. நீங்கள் போன பிறகு நான் இங்கே வந்து இறங்கிய வாரத்தில் தெரியாமல் சட்னிக்கு எடுத்து வெளியே வைத்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் அல்லவா, மீட்டிங் முடிந்து காப்பி போட வந்தவள் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "அது வேண்டாம் அத்தை" என்று மட்டும் சொல்லி, டப்பாவின் ஈரத்தைத் துடைத்து மறுபடியும் உள்ளே வைத்தாள்.

அன்று தொடங்கிய வேண்டாம் இன்னும் நிற்கவில்லை. சாப்பிடு என்றால் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்றால் வேண்டாம். கொஞ்ச நேரம் படு, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம், ஐம் ஓகே அத்தை. விசா பேப்பர் பாதியில் நின்றதால் உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் அவளால் வர முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாள். அவள் தம்பி கொள்ளி வைத்ததையும் போனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப்போய் உங்கள் பேரில் விளக்குப் போட்டோம். அங்கேயும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அர்ச்சகர் பேர், நட்சத்திரம் கேட்டார். ஆபீஸில் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

வருகிற வாரம் எனக்கு டிக்கெட். என் ஆறு மாதம் முடிகிறது. எனக்கு அடுத்து நீங்கள் வர வேண்டும், அதுதானே நம் முறை. இந்தத் தடவை எனக்குப் பின்னால் வர யாருமில்லை. வாயைத் திறந்து அழாத இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது? அதை உங்களிடம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவது வரை படித்தவளின் எழுத்து இது, பிழை இருக்கும். நீங்கள் தாலுக்கா ஆபீஸில் எத்தனையோ பேருடைய மனுவைப் படித்தவர். இதையும் ஒரு மனு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் முறையைப் பற்றிச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். கல்யாணத்திலும் வளைகாப்பிலும் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு நாம் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதெல்லாம் சான் ஹோசேயில் இருக்கும் இந்தச் சமையலறை வழியாகத்தான். நான் ஆறு மாதம், நீங்கள் ஆறு மாதம். நான் கிளம்பிப் போக நீங்கள் வந்து இறங்குவீர்கள். எத்தனையோ தடவை ஆகாயத்தில் எங்கேயோ எதிரும் புதிருமாகக் கடந்திருப்போம்.

நான் அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி வைத்த கடலை எண்ணெய், அடுத்த தடவை வந்து பார்த்தால் அலமாரி மேல்தட்டில் ஏறியிருக்கும். அது இருந்த இடத்தில் உங்கள் தேங்காய் எண்ணெய் உட்கார்ந்திருக்கும். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் முதல் வேலையாக அதை மேலே ஏற்றி, என்னுடையதைக் கீழே இறக்குவேன். பிறகு நீங்கள் வந்து மாற்றுவீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் வருஷக்கணக்கில் நாம் போட்ட சண்டை அது. நான் வைக்கும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததில் நீங்கள் இருப்பீர்கள்.

முறை தவறி நாம் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அந்த ஒரு தடவைதான். மே மாதக் கடைசியில் சேர்ந்தாற்போல லீவு வருகிறது, ரெண்டு அம்மாவையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளை என் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாலைவனத்துக்கு நடுவில் ஒரு ஊற்று, ஊற்றைச் சுற்றிப் பேரீச்சந்தோப்பு, தோப்பைச் சுற்றி ஒரு கையளவு ஊர், வேறெங்கும் ஒரு பச்சை கிடையாது என்று. அவனுக்கு அது போதும், வண்டியை எடுத்துவிடுவான். அந்த ஊரின் பேர் அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையவில்லை.

அன்று விடியற்காலை இந்தச் சமையலறையில் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? நான் புளிசோறு கிளறினேன். நீங்கள் இட்லிக்குப் பொடி தடவி அலுமினியத்தாளில் சுற்றினீர்கள். கரண்டி எடுக்க நான் கையை நீட்டினால் நீங்கள் ஒதுங்குவீர்கள். நீங்கள் திரும்பினால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். "நீங்க எடுங்க மதினி." "இல்லீங்க, நீங்க முதல்ல எடுங்க." ஒரு கரண்டிக்கு அத்தனை உபசாரம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற உங்கள் மகள், இப்படியே போனால் லீவு முடிந்துவிடும் என்று சொன்னாள்.

வண்டியின் பின்சீட்டில் நடுவில் பாப்பாவின் கார் சீட். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். பாதாம் தோப்புகளைத் தாண்டி, மலை ஏறி இறங்கி, பிறகு ஒன்றுமே இல்லாத நிலம் வந்தது. எங்கள் காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டைத்தான் நான் வறண்ட பூமி என்று நினைத்திருந்தேன். இங்கே வேலிக்கு ஒரு கிளுவைகூட இல்லை. வேலி போட ஆளும் இல்லை.

வழியெல்லாம் உங்கள் மகள் திரும்பித் திரும்பித் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி, உதட்டை நனைத்து, மூடி வைத்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் மகன் ஃப்ரீவேயை விட்டு வெளியே போய் இடம் தேட வேண்டும். அங்கே போனாலும் காகிதம்தான், கழுவத் தண்ணீர் கிடையாது. சம்பந்தி உட்கார்ந்திருக்கும் வண்டியில், வண்டியை நிறுத்து சாமி என்று எந்த வாயால் சொல்வது? நீங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ரெஸ்ட் ஏரியாவில் அந்தக் கழிப்பறை வாசலில்தான் தெரிந்தது. நான் முந்தானைக்குள் ஒரு காலி பாட்டிலை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன். நீங்கள் முந்தானைக்குள் ஒரு காலி பாட்டிலோடு வெளியே வருகிறீர்கள். ரெண்டு பேரும் ஒருவர் முந்தானையை ஒருவர் பார்த்தோம். பார்க்காத மாதிரி நான் கதவைப் பார்த்தேன், நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். வெயில் எப்படி அடிக்குது பாத்தியளா என்று என்னிடம் கேட்டீர்கள்.

அந்த ஊர் வந்தபோது உச்சி வெயில். சாம்பல் நிறத்தில் மண்மலைகள், மலையில் ஒரு புல் இல்லை. அதற்குள் ரோடு வளைந்து இறங்கியது. ஒரு திருப்பத்தில் சட்டென்று கீழே பச்சை. பேரீச்சை மரங்கள் கூட்டமாக நின்றன. நடுவே வாய்க்கால் அளவுக்கு ஒரு ஓடை. தகரக் கூரை வீடுகள் சில, பழைய லாரி ஒன்று, பழம் விற்கும் கடை ஒன்று. அவ்வளவுதான் ஊர். வண்டியை விட்டு இறங்கியதும் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று முகத்தில் அடித்தது. ஆனால் மரத்தடிக்குப் போனதும் மண் வாசம் வந்தது. நனைந்த மண்.

அங்கே நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடை ஓரத்து மணலில் கால் வைத்தீர்கள். "எங்க ஊருத் தேரியிலயும் இப்படித்தான் மதினி. கண்ணுக்கு எட்டின மட்டும் செம்மணலா கிடக்கும். நடுவுல எங்கயோ சுனை இருக்கும். தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். மரத்தை அண்ணாந்து பார்த்து, பனை மாதிரித்தான் இருக்கு, ஆனால் பனைக்கு உள்ள கர்வம் இதுக்கு இல்லை என்றீர்கள். மரங்களில் ஏணியைச் சாத்திக் கட்டியே வைத்திருந்தார்கள். உங்கள் ஊர்ப் பனையேறி பார்த்தால் என்ன சொல்வான் என்று நான் கேட்டேன். முதல் தடவையாக நாம் சேர்ந்து சிரித்தோம்.

ஓடை போகிற வழியே நடந்து போனால் ஒரு சின்ன அருவி இருக்கிறதாம். பிள்ளைகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நமக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது, இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்றோம். உங்கள் மாப்பிள்ளை ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை நமக்கு நடுவில் வைத்துவிட்டு, ரெண்டு பேரும் குடிச்சுக்கிட்டே இருங்க, இந்த வெயில் தெரியாமலே ஆளைச் சாய்ச்சிடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்தப் பாட்டில் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"குடிங்க மதினி."

"நீங்க குடிங்க சம்பந்தியம்மா. நான் இப்பத்தான் வண்டியில குடிச்சனுங்க."

"நானும் இப்பந்தான் குடிச்சேன். நீங்க குடிங்க."

நான் உங்கள் பக்கம் நகர்த்தினேன். நீங்கள் என் பக்கம் நகர்த்தினீர்கள். பெண்ணைப் பெற்றவர் முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரி தண்ணீருக்கு அலையலாமா என்று எனக்கு. மாப்பிள்ளை வீட்டம்மா குடிக்காமல் நான் எப்படி வாய் வைப்பது என்று உங்களுக்கு. ரெண்டு பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேர்வை வந்தது தெரியாமல் காய்ந்துவிடுகிறது, அதனால் உடம்பு வற்றுவதும் தெரியவில்லை. நாம் பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வராததைப் பற்றியும், டேகேரில் கொடுக்கிற சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தோம்.

பிறகு நீங்கள் பேசுவது குழறியது. என்னைப் பார்த்து, "ஏட்டி, திருச்செந்தூர் பஸ்ஸு போயிட்டா?" என்று கேட்டீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்து, போயிருச்சுங்க என்றேன். அப்படியா என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்தீர்கள். உடம்பு கொதித்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அப்போது மறந்துபோனது. ஹெல்ப் என்ற ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. அதையே கத்தினேன். கடையிலிருந்து தொப்பி போட்ட ஒரு அம்மா ஓடி வந்தாள். நம் வயசுதான் இருக்கும். அவளும் நானும் உங்களை இழுத்து அடர்ந்த நிழலில் போட்டோம். ஓடைத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்திலும் நெஞ்சிலும் போட்டாள். நான் என் முந்தானையை நனைத்து உங்கள் முகத்தில் பிழிந்தேன். நீங்கள் முனகிக் கண் திறந்த பிறகுதான் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ட்ரிங்க், ட்ரிங்க் என்று அதட்டினாள். நீங்கள் முழுங்கினீர்கள். மறுபடியும் முழுங்கினீர்கள்.

அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி ஒரு டம்ளரை நீட்டினாள். நான் பழக்க தோஷத்தில் நோ தேங்க்ஸ் என்றேன். நம் உபசாரமெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? டம்ளரை என் கையில் திணித்து, நான் அடிமண்டி வரை குடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் போய், நாம் முதலில் உட்கார்ந்திருந்த இடத்தில் கிடந்த பாட்டிலை எடுத்தாள். மூடி கூடத் திறக்கவில்லை. அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஏதோ கேட்டாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தமிழில் மட்டும் எப்படிச் சொல்வது?

உங்கள் மகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏன்மா குடிக்கல என்று உங்களைப் பிடித்து உலுக்கினாள். நீங்கள் படுத்தபடியே சொன்னீர்கள்:

"உங்க மாமியா குடிக்கல. நான் எப்படிட்டி குடிக்க?"

என் மகன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பு பாதியிலேயே உடைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தைப் பிடித்து நின்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மலை தாண்டிப் போக வேண்டும். நீங்கள் எழுந்து உட்கார்ந்து, தெளிவாகப் பேசிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்தக் கடைக்கார அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், புளிசோற்று டப்பாவைக் கொடுத்தேன். அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்க் யூ என்று வாங்கி, அங்கேயே திறந்து, விரலால் எடுத்துச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் மோட்டல் அறையில் நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள். பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று இழுத்துக்கொள்வீர்கள் என்று பார்த்தேன். இழுக்கவில்லை. பிறகு சொன்னீர்கள்:

"மதினி, ஒண்ணு சொல்லுதேன். இனிமே நமக்குள்ள இந்த மரியாதை வேண்டாம். வேணும்னா வேணும்னு கேட்டிருவோம். கேட்டாத்தான குடுக்கவளுக்கும் ஒரு சந்தோசம்."

சரீங்க என்றேன். அப்படின்னா முதல்ல நீங்க கேளுங்க என்றீர்கள். பிறந்ததிலிருந்து கேட்காமல் பழகிய வாய். கடைசியில் கேட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் உங்கள் வீட்டில் சொதி விருந்து போட்டீர்களே, தேங்காய்ப்பால் ஊற்றி, இஞ்சிப் பச்சடி வைத்து. அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. நீங்கள் ரெண்டாவது கரண்டி ஊற்ற வந்தபோது, சம்பந்தி வீட்டில் கை நீட்டக் கூடாதென்று இலையை மறைத்துப் போதும் என்றேன். வீடு வந்து சேரும் வரை அந்த ரெண்டாவது கரண்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு அந்தச் சொதி வேணுமுங்க" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அதோடு விடவில்லை, என் வலது தோள் வலியையும் சொன்னேன், தேங்காய் துருவினால் ராத்திரி கையைத் தூக்க முடிவதில்லை என்று. மகனிடம்கூடச் சொல்லாதது அது.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? மீதிப் புளிசோறு. எல்லாம் அந்தக் கடைக்கார அம்மாவுக்குப் போய்விட்டதே என்றேன். அவ வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கிட்டா, நான் கேக்காம விட்டேன் என்றீர்கள்.

நான் ஊருக்குக் கிளம்புமுன் சொதி செய்து போட்டீர்கள். நீங்கள் கேட்காமலே நான் இலையை, தட்டைத்தான், நீட்டினேன். அதற்குப் பிறகு நம் முறை பழைய முறை இல்லை. ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் நீங்கள் தேங்காய் துருவி, தயிர் டப்பாக்களில் அடைத்து, ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவீர்கள். நான் உங்களுக்குக் கொள்ளுப் பொடி இடித்து வைத்துவிட்டுப் போவேன். ரெண்டு எண்ணெயும் கீழ்த்தட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஊரிலிருந்து போன் போட்டு, "மதினி, இஞ்சி மொறப்பா வேணும், வரும்போது எடுத்துட்டு வந்து வச்சிட்டுப் போங்க" என்பீர்கள். அந்த வேணும் என்ற சொல்லைக் கேட்கத்தான் நான் போன் எடுப்பேன். கடைசியாகப் பேசியபோது, தேங்காய் நிறைய வச்சிட்டு வந்திருக்கேன், தோளைப் பாத்துக்கிடுங்க என்றீர்கள். அதற்கு மறுவாரம் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

ஆக, அந்த டப்பா எனக்காக வைத்தது. உங்கள் மகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் கொடுத்துவிடுவாள், மாமியார் கேட்டாள் என்பதற்காக. அப்படி வாங்கி என்ன செய்வது? அது கரைந்து தீர்ந்துவிட்டால் உங்கள் கை வேலை இந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் பயம் எனக்குப் புரிகிறது. கேட்டால் மனசு உடைவாளோ என்று ஒரு பக்கம். கேட்காமல் நான் போய்விட்டால், பாட்டில் மூடியோடு நடுவில் கிடந்த மாதிரி எல்லாம் அப்படியே கிடக்குமே என்று ஒரு பக்கம்.

இதுவரை காலையில் எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது பொழுது சாய்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பால் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. இத்தனை மாதமாக நான் அவளிடம் உனக்கு என்ன வேணும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று அதைக் கேட்கவில்லை.

"கண்ணு, எனக்கு உங்கம்மா வைக்கிற சொதி சாப்பிடோணும்னு இருக்குது. ஊருக்குப் போறதுக்குள்ள வச்சுக் குடுக்கறயா?"

நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு வராது அத்தை, அம்மாதான் வைப்பாங்க என்றாள். எனக்கு வேணும் கண்ணு என்றேன். உங்களிடம் கேட்ட அதே வாயால் கேட்டேன். லேப்டாப்பை மூடினாள். பிறகு எழுந்து போனாள். ஃப்ரீசர் திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கினாள். மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, முதல் பால், ரெண்டாம் பால் என்று தனித்தனியாக வைத்தாள். பாசிப்பருப்பை வேகவைத்தாள். உருளைக்கிழங்கும் கேரட்டும் நான் நறுக்கிக் கொடுத்தேன், பட்டாணியை உரித்தது யாரென்று தெரியாது, பையில் வந்தது. கடைசியாக முதல் பாலை ஊற்றும்போது அவள் கை நின்றது. நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு போனேன்.

"இப்ப இல்ல அத்தை. அடுப்ப அணைச்சிட்டுத்தான் பிழியணும். இல்லன்னா அம்மா திட்டுவாங்க."

சொல்லி முடித்ததும் அடுப்பை அணைத்தாள். அப்படியே கீழே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், சம்பந்தியம்மா. பாப்பா ஓடி வந்து, மம்மி வாட் ஹேப்பண்ட் என்று கேட்டது. ஆயாவை நினைச்சு அழுவறாங்க கண்ணு என்றேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போதும் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. அந்த டப்பா எனக்காக நீங்கள் வைத்தது என்று அப்போதுதான் சொன்னேன். தோள் வலியையும் சொன்னேன். உங்களுக்குள்ள இதெல்லாம் நடந்துச்சா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். உப்புக் கொஞ்சம் குறைவு, அதைச் சொல்லிவிட்டேன். இஞ்சிப் பச்சடி உங்கள் பச்சடி இல்லை. சொதி உங்கள் சொதிதான். அவள் ஒரு கரண்டிச் சோறுதான் போட்டுக்கொண்டாள். அதைச் சாப்பிட்டு முடித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை என்றாள்.

ஊற்றினேன்.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள். காலையிலிருந்து நீங்கள் தண்ணீரே குடிக்கவில்லை அத்தை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். இப்பத்தான் குடிச்சேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள். எடுத்துக் குடித்தேன். முழு டம்ளரும்.

அந்தத் தயிர் டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கிறது. நாளைக்குக் கடைக்குப் போய் நல்ல காயாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அதை நிறைத்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன். தோள் வலிக்கத்தான் செய்யும். வலிக்குது கண்ணு, நீ ஒரு மூடி துருவு என்று அவளிடம் கேட்பேன்.